நொட்டாங்கைக் கத்தி

மடக்குக் கத்தி என்னைக் கைவிட்டது
அம்கா ஆற்றின் மேல், மைனஸ் நாற்பத்தெட்டில்.
மூட்டுக்குப் போட்ட எண்ணெய் மெழுகாகியிருந்தது.
கையுறையோடு திறக்க நகம் இல்லை.
கழற்றித் திறக்க விரல் இருக்காது.
இறுகிப்போன கூடாரக் கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்தேன்.
வர்வாரா இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.
கேட்கும்போதெல்லாம் ஒரு கடைவாய்ப் பல் கூசுகிறது.

பனிக்கட்டியின் கனம் அளப்பது எங்கள் வேலை.
ஆண்டில் ஐந்து மாதம் ஆற்றின் மேல்தான் குடித்தனம்.
மடங்காத ஒன்று வாங்க
யாகுத்ஸ்க் சந்தைக்குப் போனேன்.

முதல் கடையில், கண்ணாடிக்குப் பின்னால்,
போருக்குப் புறப்பட்டவைபோல் நின்றன.
முதுகில் ரம்பப் பல்.
பிடிக்குள் திசைகாட்டி, தீக்குச்சி, தூண்டில் முள்.
விரல் கனத்துக்கு எஃகு.
"கரடியைக்கூடக் குத்தலாம்" என்றான் பையன்.
கரடியோடு எனக்கு வழக்கு எதுவும் இல்லை.
மீன் சீவ வேண்டும், சுள்ளி பிளக்க வேண்டும்,
ரொட்டியில் வெண்ணெய் தடவ வேண்டும்.

கப்பிடோனின் மேசை கடைசி வரிசையில்,
உறைந்த மீன்கள் விறகுபோல் நிமிர்ந்து நிற்கும் இடத்தைத் தாண்டி.
அங்கே மினுக்கு இல்லை.
பிர்ச் மரத்தின் முடிச்சில் கடைந்த பிடி;
உள்ளே எலிவால்போல் ஒல்லியாக ஓடி மறையும் இரும்பு.
வெளியே நீட்டியிருந்தால் உள்ளங்கைத் தோலை அது வைத்துக்கொள்ளும்.
காளைவால் தோல் போர்த்திய உறை
பிடியில் பாதியை விழுங்கிக்கொள்கிறது.
"ஒடிவதைவிட வளையட்டும்" என்றார்.
"வளைந்ததை முழங்காலில் வைத்து நிமிர்த்தலாம்.
ஒடிந்ததை என்ன செய்வாய்?"

ஒன்றை எடுத்து மரத்துண்டைச் சீவினேன்.
அலகு வழுக்கி வெளியே ஓடியது.
இன்னொன்று. அதுவும் ஓடியது.
அவர் கத்தியைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.
"நொட்டாங்கையா?"

எங்கள் கத்திக்கு இரண்டு முகம்.
ஒரு பக்கம் தட்டை, நெடுக ஒரு பள்ளம்.
மறுபக்கம் மீன்வயிறுபோல் மெல்லிய புடைப்பு.
மேசையில் இருந்த முப்பதும்
வலக்கைக்கென்றே பிறந்தவை.

குனிந்து ஒரு கம்பளிச் சுருளை எடுத்தார்.
வெர்கோயான்ஸ்க்காரர் ஒருவர் சொல்லிச் செய்தது.
செவஸ்த்யான் என்று பெயர்.
பாதிப் பணம் கொடுத்துவிட்டுப் போனவர்
மூன்று குளிர்காலமாக வரவில்லை.
தொலைபேசியையும் எடுப்பதில்லை.

மரத்தில் வைத்தேன்.
சுருள் சுருளாக வந்தது,
கட்டை தானே சட்டையைக் கழற்றுவதுபோல.
பிடி மட்டும் சற்றுப் பருமன்.
அவருக்குப் பெரிய கை போலும்.

"அவர் கொடுத்தது போக மீதியைத் தரட்டுமா?"
கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
கப்பிடோன் கோபப்படவில்லை.
"முழு விலை கொடு. முன்பணம் அவருடையது.
வந்தால் இன்னொன்று அடித்துத் தருவேன்.
வரட்டும் முதலில்."

பிடியைச் சீவிக் குறைக்கலாம்; அரை மணி வேலை.
குறைக்கவில்லை.
கையுறை போட்டால் நிறைகிறது.
கழற்றினால் ஒரு விரல் அளவு
யாருடைய இடமோ மிஞ்சுகிறது.

இந்தக் கிழமை அம்காவில் ஒரு மீட்டர் பன்னிரண்டு.
உறைந்த மீனை மூக்கில் நிறுத்தி
மேலிருந்து கீழாக இழுக்கிறேன்.
காகிதம்போல் சுருண்டு விழுகிறது. உப்பு, மிளகு.
ஆற்றின் மேலேயே வரும் லாரிக்காரர்கள்
அடுப்புப் புகையைப் பார்த்துத் தேநீர் கேட்டு நிற்பார்கள்.
கோப்பையை எந்தக் கையால் வாங்குகிறார்கள் என்று பார்க்கிறேன்.
"மாப்பிள்ளை தேடுகிறாயா?" என்கிறாள் வர்வாரா.

நேற்று ஒருவர் இடக்கையால் வாங்கினார்.
பெரிய கை.
உறையோடு கத்தியை எடுத்து அவர் முன் வைத்தேன்.
கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
பிறகு கோட்டுக்குள்ளிருந்து
கட்டுப் போட்ட வலக்கையை வெளியே எடுத்துக் காட்டி,
நீயே சீவித் தா என்று
தட்டை என் பக்கம் நகர்த்தினார்.