உள்ளளவும்

ஷார்ஜா, மூன்றாவது இண்டஸ்ட்ரியல் ஏரியா.
டயர்க் கடைக்கும் கண்ணாடிக் கடைக்கும் நடுவே
ஒரு டைஹாட்சு ராக்கி.
எண்பத்தொன்பதாம் வருட மாடல். இரண்டு கதவு. டீசல்.
பதினோரு வருடத்தில் இந்த ஊரில்
இதோடு மூன்று பார்த்திருக்கிறேன்,
அதில் ஒன்றுக்குள் ஆடுகள் இருந்தன.

"ஆஸ்திரியாவிலிருந்து கப்பலில் வந்தது" என்றார் குல் ஸமான்.
"அங்கே ஒரே ஒரு டாக்டர் ஓட்டினது."
உலகத்தின் பழைய வண்டிகளையெல்லாம்
அந்த ஒரே டாக்டர்தான் ஓட்டியிருக்கிறார்.

எனக்குத் தொழில் பெயின்ட் இன்ஸ்பெக்டர்.
ஹம்ரியாவில் எண்ணெய்த் தொட்டிகளைத் தட்டிப் பார்த்து
சாக்பீஸால் வட்டம் போடுகிறவன்.
வட்டம் விழுந்த இடத்தை மறுபடி சுரண்ட வேண்டும்,
ஆறு பேர், கயிற்றில் தொங்கி.
என்னை அவர்களுக்குப் பிடிக்காது.

அட்டையை விரித்து அடியில் படுத்தேன்.
புதுத் தார்ப் பூச்சு, கறுகறுவென்று.
துட்டி வீட்டில் பளபளக்கும் புதுச் சட்டை மாதிரி
எதையோ சொல்லாமல் சொன்னது.
சட்டைப்பையில் காந்தம் எப்போதும் இருக்கும்.
ஒட்டியது. ஒட்டியது. ஒட்டியது.
இடது பின்சக்கரத்துக்கு மேலே
உள்ளங்கை அகலத்துக்கு
ஒட்டாமல் என் நெற்றியில் விழுந்தது.

"உப்பு" என்றேன்.
"உப்பா? மழையே இல்லாத ஊரிலா?"
அங்கே பனி உருகுவதற்கு
ரோட்டில் உப்பு கொட்டுவார்கள் பாய்,
லாரி லாரியாக, விதை தெளிக்கிற மாதிரி.
நான் சொல்லச் சொல்ல அவர் முகத்தில்
பைத்தியங்களுக்கென்றே வைத்திருக்கும் பொறுமை.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை.
நாம் அதைச் சுவரில் எழுதிவைக்கிறோம்.
கடைப்பிடிப்பது இரும்பு.
ஏதோ ஒரு மலைச்சாலை, ஏதோ ஒரு ஜனவரி,
தகட்டு மடிப்புக்குள் பதுங்கிய ஒரு கல் உப்பு.
நாற்பத்தாறு டிகிரியிலும்
அந்தக் குளிரையே நினைத்துக்கொண்டிருக்கிறது.

தொட்டியாக இருந்தால் வட்டம் போட்டிருப்பேன்.
பதினாறாயிரம் திர்ஹம் சொன்னார்.
பதின்மூன்றரைக்கு முடித்தேன்.

மங்கையர்க்கரசி சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"இந்தப் பணத்துக்கு..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள்.
இரண்டு நாள் ரசத்தில் உப்பில்லை.
என் பிரஷரை நினைத்தா, வண்டியை நினைத்தா,
கேட்கவில்லை.

கயிற்றில் தொங்கும் ஆறு பேரில் ஒருவன், பூமிராஜன்,
அந்த உள்ளங்கை இடத்தை வெட்டி எடுத்து
புதுத் தகடு வைத்து வெல்டிங் போட்டுக் கொடுத்தான்.
காசு வாங்கவில்லை.
முடித்ததும் என் பையிலிருந்து சாக்பீஸை உருவி
வண்டியைச் சுற்றித் தரையில்
முழுசாக ஒரு வட்டம் போட்டான்.

ஆகஸ்டில் இங்கே காற்றே கடல்.
விடிவதற்குள் கண்ணாடிகள் வியர்த்து வழியும்.
உறை போட்டால் ஈரம் உள்ளே தங்கும்,
போடாவிட்டால் மேலே இறங்கும்.
மூன்று மணிக்கு லுங்கியோடு இறங்கி
டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
முதல் நாள் திருடன் என்று கத்திய வாட்ச்மேன் இத்ரீஸ்
இப்போது டார்ச்சைப் பிடித்துக்கொள்கிறார்.

டிசம்பரில் உம் அல் குவைன் பக்கம் போனோம்.
சப்கா தொடங்கும் இடத்துக்கு வெகு முன்னால்
கெட்டி மணலிலேயே நிறுத்திவிட்டேன்.
"இதுக்கா ஃபோர் வீல்?"
செருப்பைக் கழற்றிவிட்டுத் தனியாக நடந்தாள்.
வெள்ளைப் பொருக்கு அப்பளம்போல் நொறுங்கும் சத்தம்
இங்கேவரை கேட்டது.

வந்தபோது கணுக்கால்வரை உப்பு.
கதவைத் திறக்காமல்
ஐஸ் பெட்டிமேல் உட்காரவைத்தேன்.
ரேடியேட்டருக்கென்று வைத்திருந்த
ஐந்து லிட்டர் கேனைச் சாய்த்து
விரல் இடுக்கு விடாமல் கழுவினேன்.
அம்மி மிதித்த நாளுக்குப் பிறகு
இந்தக் கால்களை இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

"வண்டிக்காகத்தானே?" என்றாள்.

இடது குதிகாலில் ஒரு வெடிப்பு.
அதற்குள் பொடியாக ஒரு வெள்ளை.
இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றினேன்.