வெளிவட்டச் சாலையில் முதல் இரவு

மஞ்சளுக்கு மேல் இரண்டு கோட் வெள்ளை அடித்தும்
வெளிச்சம் பட்டால் தெரிந்துவிடுகிறது
'பள்ளி வாகனம்'.

பதினாறு சீட்டையும் கழற்றி எடைக்குப் போட்டு
அந்த இடத்தில் ஒரு கட்டில், ஒற்றை அடுப்பு,
இருபது லிட்டர் கேன்.
நாளைக்கு நெல்லூர், அப்புறம் பார்க்கலாம் என்கிறார் எபினேசர்.
இன்றைக்கு மட்டும் சென்னையைத் தாண்ட மனசில்லை.
கோலப்பஞ்சேரி டோலுக்கு அப்பால்
லாரிகளுக்கு நடுவே நிறுத்தினோம்.

இடப்பக்கத்து வீடு ஹரியானா நம்பர்.
ராத்திரி முழுக்க அவர்கள் கம்ப்ரசர் ஓடுகிறது.
வலப்பக்கம் மணலி போகிற டேங்கர்,
முதுகில் 'எளிதில் தீப்பற்றும்'.
பத்தடி தள்ளி நான் உப்புமா கிளறுகிறேன்.

ஒன்றரை மணிக்குக் கண்ணாடியில் டார்ச்.
ரோந்துக்காரர் வண்டியின் விலாவில் வெளிச்சத்தை ஓட்டி
எழுத்துக் கூட்டினார்.
"உள்ள பசங்க இருக்காங்களா?"
இல்லை என்றார் எபினேசர்.
பிறகு என்ன நினைத்தாரோ,
"எல்லாரையும் எறக்கி விட்டாச்சு சார்."

வெகுநேரம் தூக்கம் வரவில்லை.
கட்டிலை ஒட்டிய தகரத்தில்
யாரோ காம்பஸால் கீறியது விரலில் தட்டுப்பட்டது.
தடவித் தடவிப் படித்தேன்: தன்விகா.
"பெருங்களத்தூர், ரெண்டாவது ஸ்டாப்" என்றார்
இருட்டில், நான் கேட்காமலே.

விடிந்தபோது ஹரியானா இல்லை.
அவர்கள் வாசலில் ஓர் எண்ணெய்த் திட்டு.
பக்கத்து வீடு காலியானால்
இவ்வளவு வெயில் உள்ளே வருமா?

ஏழேகால்.
எபினேசரின் கை தன்னால் ஹாரனுக்குப் போனது.
ஒரே ஒரு தடவை.
டேங்கர்க்காரர் எழுந்து உட்கார்ந்து
சுத்தமான வடசென்னைத் தமிழில் திட்டத் தொடங்கினார்.