மக்கு

எதுவும் மண்டையில் ஏறாது என்று
கணக்கு வாத்தியார் வைத்த பெயர்.
பெருங்குடி உரக்கொட்டகையில்
அதையேதான் இப்போது
மூட்டைக்கு மூட்டை எழுதுகிறேன்.

கோயம்பேட்டுச் சாமந்தி, முருங்கை ஈர்க்கு,
யார் கல்யாணத்து வாழையிலையோ,
நாற்பது நாள் புழுங்கி
பெயர் மறந்து கறுக்கும்.

போன வாரம் ஆய்வகத்து ரெஜினா
சதுப்பிலிருந்து ஒரு குப்பி நீர் எடுத்துவந்தாள்.
பால் ஊற்றாத டீயின் நிறம்.
அழுக்கா என்றேன்.
"இல்லக்கா, இதுவும் மக்குதான். கரைஞ்சது.
ஈயத்தைப் பிடிச்சா
லேசுல விடாது."

பிடித்ததை விடாத ஜென்மம் என்று
அவரும்தான் சொன்னார்,
பிரம்பும் கையுமாக.

மழை பிடித்துவிட்டது.
சிமெண்டுத் தரை அப்படியே
கால்வாய்க்குத் தள்ளிவிடுகிறது.
என் குவியல்
ஒவ்வொரு சொட்டாக
ஏற்றிக்கொள்கிறது.