கொக்கு மந்திரியின் கை

முதலில் பெட்டியைப் பற்றி.
அட்டை நல்ல கனம். மூடி அதைவிட இறுக்கம்;
திறக்க வெண்ணெய்க் கத்தி தேவைப்பட்டது.
உள்ளே இரண்டு தட்டுகள், மடித்த ஒரு வரைபடம்.
சதுப்பின் வடகரை
மடிப்பிலேயே கிழிந்து வந்திருக்கிறது.

தார்த்துவில் நவம்பர்.
நாலு மணிக்குள் இருட்டிவிடும்,
திரைச்சீலையை இழுத்துவிடும் வேலை மிச்சம்.
ஹில்லே கேட்டது முந்நூறு சொல்,
அடியில் மூன்று கட்டங்கள்: படம், ஒலி, கூடுதல்கள்.
வியாழன் காலைக்குள்.

'சதுப்பரசன்', இரண்டாம் பாகம்.
அரங்கில் பார்த்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை,
சொல்லிவிடுகிறேன்.
முன்பு தவளைகளுக்கு வரி போட்டுச்
சிரிக்கவைத்த அரசன்
இதில் போருக்குப் போகிறான், திரும்புகிறான்,
மறுபடியும் போகிறான்.

படம்.
கறுப்பு, வாணலியின் அடிபோல் கறுப்பு.
மூடுபனியில் ஒரு புள்ளி உடையவில்லை.
குறை என்னவென்றால், எல்லாம் தெரிகிறது.
முழுப் பூசணிக்காயை அரங்கத்து இருட்டில் மறைத்திருந்தார்கள்;
வீட்டில் அது நடக்கவில்லை.
பறக்கும் நாகத்தின் கழுத்துத் தையல்,
அதைத் தூக்கும் கம்பி,
தளபதியின் மணிக்கட்டில் கடிகாரப் பட்டை விட்ட வெள்ளைத் தடம்.
யானையை வாங்கிவிட்டு
அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்.

ஒலி.
கோட்டை இடியும் இடத்தில்
பின்னால், இடப்பக்கம், அடியிலிருந்து
அருமையாக ஒரு தட்டல்.
ஒரு மதிப்பெண் கூட்டினேன்.
கீழ்வீட்டு தாவி துடைப்பக் கம்பால்
தன் கூரையை இடித்திருக்கிறார்.
கழித்தேன்.

நாற்பத்தெட்டாம் நிமிடத்தில் நிறுத்தினேன்.
கொக்கு மந்திரி அரசாணையை விரிக்கிறார்.
அதே அலகு. அதே சாம்பல் இறகு.
குரலும் ஏறக்குறைய.
கை வேறு.

முதல் பாகத்தில் அந்தக் கையில் பழுப்புப் புள்ளிகள் இருந்தன,
சுண்டுவிரல் மடங்காது.
இந்தச் சுண்டுவிரல்
எதுவுமே நடக்காததுபோல் மடங்குகிறது.

எண்டெல் கூசிக்
இரண்டு படங்களுக்கும் நடுவில்,
ஒரு ஏப்ரலில், போய்ச்சேர்ந்தார்.
அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.
இயக்குநர் இந்திரெக் கூடவே பேசிக்கொண்டு வரும் தடத்தை
இதே இடத்தில் போட்டுக் கேட்டேன்.
கொசுக்களைப் பற்றிப் பேசுகிறார்.
நான்கு நிமிடம், கொசுக்கள்.

கூடுதல்கள்.
இரண்டாம் தட்டு. சுவரொட்டிகளுக்கும் கீழே,
பதினொன்றாவது வரியில்: உடைச் சோதனை.
ஒலி கிடையாது. ஐம்பத்தோரு நொடி.

புது அங்கியில் எண்டெல் வந்து நிற்கிறார்,
தோளில் இன்னும் குண்டூசிகள்.
சந்தையிலிருந்து ரொட்டி கொண்டுபோகிறவர்போல்
அலகைக் கக்கத்தில் இடுக்கியிருக்கிறார்.
எந்தப் பக்கம் பார்க்கட்டும் என்று உதடு கேட்கிறது.
யாரோ கை காட்டுகிறார்கள்.
தும்முகிறார். மன்னிப்புக் கேட்கிறார்.
அலகை மாட்டுகிறார்.

கழுத்து ஒரு விரற்கடை முன்னால் வருகிறது.
ஒரு கால் தன் எடையை மற்றதிடம் கொடுக்கிறது.
தரையில் தண்ணீர் இல்லை,
ஆனால் அதற்குள் எதுவோ அசைந்ததைப்
பார்த்துவிட்டது.
அத்தோடு வெட்டிவிட்டார்கள்.

ஆறு முறை போட்டுப் பார்த்தேன்.
ஏழாவது முறைக்குத்
தாவியைக் கூப்பிட்டேன். கம்போடு வந்தார்.
பார்த்துவிட்டு, "இந்த ஆள் எங்கே, படத்தில் காணோமே?" என்றார்.

எட்டு, ஏழு, பத்து என்று எழுதி அனுப்பினேன்.
ஹில்லே அழைத்தாள்.
"நீ யாருக்கும் பத்து போட்டதில்லையே, தட்டச்சுப் பிழையா?"
இல்லை.
"ஐம்பத்தோரு நொடிக்கா?"
ஐம்பது. தும்மலை விட்டுவிடு.
"ஒன்பது" என்றாள், மீன்கடைக்காரிபோல்.
ஒன்பதரை என்றேன்.
அரைக்கு எங்கள் கட்டத்தில் இடமில்லை.

ஒன்பது என்று அச்சானது.
இடம் போதாமல் கையைப் பற்றிய பத்தி போய்,
தளபதியின் கடிகாரத் தடம் மட்டும் தங்கிவிட்டது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு:
இரண்டாம் தட்டு, பதினொன்றாவது வரி.
மூடி இறுக்கம்.
கத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.