மூன்றாவது பலகை

அஸ்லம் நெருப்பை எடுத்துக்கொண்டான்.
திம்மராயன் பனியை.
லூர்துமேரி காயம் ஆற்றும் ஒளியை,
கூடவே எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு சாபத்தை.
எனக்கும் இருபது புள்ளிகள் தந்தது ஆட்டம்.
இருபதையும் கொண்டுபோய்
உலைக்களத்தில் கொட்டினேன்.

"ஏ, கொட்டாய் போடவா வந்தே?"
ஹெட்போனில் திம்மராயன் சிரித்தபோது
பின்னால் அவன் வீட்டு நாயும் குரைத்தது,
பர்கூரிலிருந்து.

காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.
கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில்
ஆறாவது கூண்டு என்னுடையது.
கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக்கைப் பார்த்து
கருவி ஒருமுறை கீச்சென்றால்
தடுப்புக்கட்டை தானாக எழும்.
லாரி போகும். கட்டை விழும்.
எட்டு மணி நேரமும்
நான் தொடாமலே எல்லாம் நடக்கும்.
கீச்சிடாத வண்டிக்கு மட்டும்தான் நான்,
திட்டு வாங்க ஒரு முகம்.
"லோக்கல் வண்டிம்மா, தெரியலையா?"
மந்திரம் போதும் எனக்கு.

இரவு பத்தே முக்காலுக்கு
ஹவுசிங் போர்டு மாடியறையில்
செம்மண்ணைக் கிளறி இரும்புக்கல் பொறுக்குவேன்.
உருக்கக் கரி வேண்டும். கரிக்கு மரம்.
மரத்துக்குக் கோடாலி. கோடாலிக்கு
முதலில் சொன்ன அதே இரும்பு.
இந்த வட்டத்துக்குள் நுழையவே
இரண்டு வாரமானது.
முதல் ஆணி வளைந்து வந்தது.
விற்கவில்லை. பையிலேயே கிடக்கிறது
ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு.

அதற்குள் அவர்கள்
ஓநாய்க் கூட்டத்தைப் பொசுக்கி,
ஏரியை உறையவைத்து,
யாரோ ஓர் அரசனிடம் பட்டமும் வாங்கியிருந்தார்கள்.
நான் போன ஒரே சண்டையில் முதலில் செத்தேன்.
எழுப்பிவிட்ட லூர்து கேட்டாள்:
"சுத்தியாலயே ஒண்ணு போட்டிருக்கலாம் இல்ல?"
தோன்றவேயில்லை.

அப்புறம் அந்தப் பள்ளத்தாக்கு.
பாலம் அறுந்து தொங்கியது.
மூவரும் மிதந்து அக்கரை போனார்கள்
காற்றில் விட்ட பாலித்தீன் பைகள்போல.
"பத்து நிமிசம் இருங்க" என்றேன்.
ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆனது.
நாற்பத்திரண்டு பலகை,
பலகைக்கு நாலு ஆணி.
திம்மராயன் தூங்கப் போனான்.
லூர்துவுக்குக் காலை டியூட்டி.
அஸ்லம் மட்டும் அக்கரையில் உட்கார்ந்து
எனக்கு வெளிச்சத்துக்காக
உள்ளங்கையில் நெருப்பைப் பிடித்திருந்தான்
சக்தி தீரும்வரை. தீர்ந்தபின்
இருட்டில் பேசிக்கொண்டிருந்தான்,
மாங்கூழ் ஆலையில் இந்த வருசமாவது
ஆளெடுப்பார்களா என்று.

கடைசி ஆணி இறங்கியதும் ஒரு பெட்டி திறந்தது:
இந்தப் பாலம் உங்களுடையது.
கடப்பவரிடம் எவ்வளவு வசூலிக்க?
பழக்கதோஷம்,
கார், மினிபஸ், லாரி என்று
மூன்று தொகை விரலுக்கு வந்துவிட்டது.
அழித்துச் சுழியம் போட்டேன், ஏற்கவில்லை.
காலியாக விட்டேன்.
ஏற்றுக்கொண்டது.

மறுநாள் ஷிப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன்,
யாரோ ஒருவன், பெயர்கூட வெறும் எண்கள்,
கழுதைமேல் உப்பேற்றிப் போகிறான்.
பின்னால் இரண்டு சூனியக்காரிகள்,
பறக்கத் தெரிந்தவர்கள்தான்,
கதை பேசிக்கொண்டு நடந்து வருகிறார்கள்.

எனக்கு ஒரு சேதி வந்திருந்தது. நன்றி இல்லை அதில்.
"மூணாவது பலகை ஆடுது. பாருங்க."

பையைத் துழாவினேன்.
அந்த வளைந்த ஆணிதான் மிச்சம்.
பட்டறைக்கல்லில் வைத்துத் தட்டினேன்.
முழுசாக நேராகவில்லை.
அடித்துப் பார்க்கலாம்.