ஏழு எழுத்து

டூரினில் நவம்பர் மழை.
நுன்சியா ரொட்டிக்கடைக்குப் பெயர் எழுதக் கூப்பிட்டாள்.
சிவப்பு வேண்டும், மிளகாய்ச் சிவப்பு,
ஓடுகிற டிராமிலிருந்து பார்த்தாலும் தெரிய வேண்டும் என்றாள்.
என்ன பெயர் என்றேன்.

டெர்ரோனே.

விரித்துக்கொண்டிருந்த ஏணி
பாதியில் நின்றது.

மண் என்கிற சொல்லின் வயிற்றில் பிறந்த வசை.
தெற்கிலிருந்து அட்டைப்பெட்டியோடு ரயிலேறி வந்தவர்களுக்கு
வடக்கு வைத்த பெயர்.
மண்ணின் மைந்தர்கள் நாங்களாம்,
மண்ணாங்கட்டிகள் அவர்களாம்.
இரண்டிலும் இருப்பது மண்தானே என்று
யாரும் உடைத்துப் பார்க்கவில்லை.

உங்கள் அப்பா ஒப்புக்கொண்டாரா என்று கேட்டேன்.
"அவர் போய் நாலு வருஷம்.
முப்பத்தொரு வருஷம் கார்களுக்குக் கதவு மாட்டினார்.
மேஸ்திரி ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை,
இதைச் சொல்லித்தான்.
சம்பளம் தவறிய மாதம் உண்டு,
இது தவறியதில்லை.
அவர் விட்டுப்போன சொத்து இது ஒன்றுதான்.
இனி விலை நான் வைப்பேன்."

உள்ளிருந்து அண்ணன் சாவேரியோ,
முழங்கை வரை மாவு:
"வீட்டுக்குள் நாம் சொல்லிச் சிரிப்பது வேறு.
வாசலில் எழுதினால்
வருகிறவன் போகிறவன் எல்லாம் வாய் நிறையச் சொல்வான்.
வைதவனுக்கு நாம் ரசீதும் கொடுக்க வேண்டும்."

"சொல்லட்டும்.
என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.
சில்லறையை என் கையில் வைத்துவிட்டுச் சொல்லட்டும்."

"குப்பைக்குச் சட்டம் போட்டு மாட்டினால்
நாற்றம் போய்விடுமா?"

அவள் மகன் எட்டோரேக்கு ஏழு வயது.
தகப்பன் கூனேயோக்காரன், ஏழு தலைமுறை வடக்கு.
கல்லாவின் மேல் உட்கார்ந்திருந்தவன் கேட்டான்:
"நான் பாதிதானே அம்மா,
நான் சொல்லலாமா?
முன்பாதி மட்டுமா, பின்பாதி மட்டுமா?"

யாரும் பேசவில்லை.
அடுப்புக்குள் ஏதோ ஒரு ரொட்டி
வெடித்து மேலோடு விரிந்தது.

நான் அவர்களிடம் சொல்லாதது:

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது.
எனக்குப் பதினொன்று.
அப்பாவின் பட்டறையில் என் முதல் பலகை.
அவர் கோடு போட்டுத் தந்தார், நான் கருப்பை நிரப்பினேன்.
"தெற்கத்தியருக்கு வீடு இல்லை."
ஒரு மயிரிழை ஓரம் தாண்டவில்லை, கை நடுங்கவில்லை என்று
கடைத்தெருவுக்குக் கூட்டிப்போய் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார்.
பிஸ்தா.
அந்தப் பலகை எந்த வாசலில் தொங்கியது,
அதன் கீழே பெட்டியை இறக்கி வைத்தது யார்,
படிக்கத் தெரியாதவனுக்கு
யார் படித்துக் காட்டினார்கள்,
தெரியாது.
பிஸ்தா மட்டும் தெரிகிறது.

சுண்ணக்கட்டியால் ஏழு எழுத்துக்கும் ஓரம் போட்டேன்.
பிறகு தூரிகையை நனைத்தேன்.
முதல் எழுத்து, இரண்டாவது எழுத்து வரை
காற்றிலேயே ஓட்டிப் பார்த்தேன்.
அடுத்து இரண்டு ரகரம்.
எங்கள் ஊர் வாய் பல்லைக் கடிப்பது
அந்த இடத்தில்தான்.

இறங்கிவிட்டேன்.
"உள்ளே நிரப்புவது நான் இல்லை."
"கூலி குறையுமா?" என்றாள் நுன்சியா.
"பாதி."
"சரி, தூரிகையைக் கொடுங்கள்."

அவளுக்குத் தூரிகை பிடிக்கத் தெரியவில்லை.
மழைச்சாரல் வேறு.
ரகரம் ஒன்றின் கால் வழிந்து கதவு வரை வந்தது.
"விழுந்து தொலையாதே" என்று திட்டிக்கொண்டே
சாவேரியோ வந்து ஏணியைப் பிடித்தான்,
பலகையை நிமிர்ந்து பார்க்காமல்.

இப்போது தினமும் அங்கேதான் ரொட்டி வாங்குகிறேன்.
எங்கே வாங்கினீர்கள் என்று மாடிவீட்டு ஒர்நெல்லா கேட்டால்
மூலைக் கடை என்பேன்.
அவள் பெயரையே சொல்கிறாள்,
டிராம் நம்பர் சொல்வது போல, சத்தமாக.
என்ன கூச்சம், பலகையிலேயே இருக்கிறதே என்கிறாள்.

இருக்கிறது.
நிறம் நுன்சியாவுடையது.
ஓரம்
என் கை.