பொத்தானை விட்டால்தான் கேட்கும்

துறைமுகத்தில் விடியும்போதே
மூன்றாம் எண் கூண்டு ஏற்றியாயிற்று.
எப்போ அடிக்கும், எங்க கரையேறும் என்று
அண்ணாந்து கேட்கிறான்
ஐஸ் உடைக்கும் பையன்.
கூண்டுக்கு வாய் மட்டும்தான், காது கிடையாது.
தொங்குகிறது.
டிப்ளமோவில் இதற்குப் பெயர் சிம்ப்ளெக்ஸ்.
உதாரணம் தருக என்றதற்கு
வகுப்பே ரேடியோ, டிவி என்று எழுதியது.
கூண்டு என்று எழுதி
அரை மார்க் இழந்தவள் நான்.

சோனாங்குப்பத்தில் சங்கத்து மாடி.
ஒரு மேசை, ஒரு வயர்லெஸ் பெட்டி,
மைக்கின் பக்கவாட்டில்
என் கட்டைவிரல் தேய்த்த பள்ளம்.
அழுத்தினால் பேசலாம். விட்டால் கேட்கலாம்.
இரண்டும் சேர்ந்து ஆகாது.

"அங்காளி, அங்காளி, கரை பேசுது. ஓவர்."
கொரகொரப்புக்கு நடுவே நனைந்து வருகிறது
தேசிங்கின் குரல்:
"பதினெட்டு பாகத்துல நிக்கறோம்.
வலை உள்ள கெடக்கு. ஓவர்."
"அறுத்து விட்டுட்டு வா. ஓவர்."
"அறுக்கறதா? வட்டிக்கு வாங்கின வலை..."

அவர் ஓவர் சொல்லவில்லை.
நான் அழுத்திவிட்டேன்.
பதினோரு நாளாகத் தொண்டையில் வைத்திருந்ததை
ஒரே மூச்சில் கொட்டிவிட்டு விரலை எடுத்தேன்.
வெறும் இரைச்சல்.
அங்கே அவரும் விடாமல் அழுத்தியிருக்கிறார்.
இரண்டு பேச்சும் நடுக்கடலில் முட்டி
ஒன்றுகூடக் கரை சேரவில்லை.

பதினோரு நாள் என்றேன் அல்லவா?
வீட்டில் எங்களுக்குள் பேச்சில்லை.
இரண்டு வாய், நாலு காது,
இடையில் ஆறடி காற்று.
இதைவிட நல்ல முழு டூப்ளெக்ஸ்
எந்த ஆய்வகத்திலும் கிடையாது.
அதில் ஓடியதெல்லாம் மிக்சி சத்தம்.
கடலுக்குப் போனால் மட்டும்
இரண்டு மணிக்கு ஒருதரம்
அவர் பேர் சொல்ல எனக்குச் சம்பளம்.

இருட்டிய பிறகு
முகத்துவாரத்து அலை பார்த்து நுழைந்தது படகு.
சட்டையைப் பிழிந்து கொடியில் போட்டார்.
சோறு வைத்தேன்.
ஆஸ்பெஸ்டாஸில் மழை கொரகொரத்தது.

"அப்ப என்ன சொன்ன?"
"நீ என்ன சொன்ன?"

ஒரே நொடியில் கேட்டுவிட்டோம்.
இரண்டும் விழுந்தது, இரண்டு பேர் காதிலும்.

யாரும் பதில் சொல்லவில்லை.
என் கட்டைவிரல் மட்டும்
இல்லாத பொத்தானிலிருந்து
மெல்ல எழுந்தது.

"பாதி வலைதான் அறுத்தேன்" என்றார்
சோற்றைப் பிசைந்தபடி.

ஓவர் சொல்லவில்லை.
காத்திருக்கிறேன்.